ரத்தக் கசிவு இருக்கும்போது ரத்தத்தை இளக்கும் மாத்திரை எதற்கு?

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கிறோம். நான் சொல்லச் சொல்ல என் மகன் இதை டைப் செய்கிறான். மகளுக்கு 23 வயது, கட்டிக்கொடுத்தது சேலம் அம்மாப்பேட்டையில். தலைப்பிரசவத்துக்கு இங்கே வந்தாள். சுகப்பிரசவம், பையன். 11-ஆம் நாள் தலைவலி என்றாள். மாத்திரை கொடுத்தோம், பத்துப் போட்டோம், அடங்கவில்லை. கீழே ஒரு ஆஸ்பத்திரியில் தலைக்கு சிடி ஸ்கேன் எடுத்து நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் கழித்து விடியற்காலையில் வலிப்பு. 108-இல் சேலத்துக்கு இறக்கினோம். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து மூளை நரம்பில் ரத்தக்கட்டி, பக்கத்தில் கொஞ்சம் ரத்தக் கசிவு என்றார்கள். 12 நாள் வைத்திருந்து வயிற்றில் ஊசி போட்டு, இப்போது ரத்தத்தை இளக்கும் வார்ஃபரின் மாத்திரையும் வலிப்பு மாத்திரையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் இருக்கும் என் அக்கா மகன், ரத்தம் கசிந்திருக்கும்போது இந்த மாத்திரை ஆபத்து, நிறுத்துங்கள் என்கிறான். ரிப்போர்ட்டில் சைனஸ் என்று போட்டிருக்கிறதே, ஆவி பிடித்தால் போகாதா? கோயம்புத்தூர் போய் டியூப் விட்டுக் கட்டியை எடுத்துவிடலாமா? தாய்ப்பால் கொடுக்கலாமா? அடுத்த குழந்தை பெறலாமா? இன்னொன்று. பச்சை உடம்பு என்று நான் தண்ணீர் அதிகம் கொடுக்கவில்லை. அதனால்தான் வந்தது என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்:

அம்மா, மற்றதெல்லாம் அப்புறம். வார்ஃபரின் மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே நிறுத்திவிட்டீர்கள் என்றால், சிகிச்சை கொடுத்த டாக்டருக்கு இன்றைக்கே போன் போட்டு எத்தனை நாள் விட்டுப்போனது என்று சொல்லுங்கள். விட்டதற்கும் சேர்த்து இரண்டாகப் போட்டுவிட வேண்டாம்.

அக்கா மகனைத் திட்டாதீர்கள். பிரஷர் எகிறி மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்து வருகிற கசிவு ஒன்று இருக்கிறது, நாம் பெரும்பாலும் பார்ப்பது அதைத்தான், அதற்கு அவர் சொன்னது சரி. உங்கள் மகளுக்கு வந்தது வேறு.

நரம்பு என்று நாம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம். இது நரம்பு இல்லை, ரத்தக்குழாய். மூளைக்கு ரத்தத்தைக் கொண்டுவருகிற குழாய் தமனி, வேலை முடிந்த ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்புகிற குழாய் சிரை. வழக்கமான பக்கவாதம் தமனியில் வருகிறது. உங்கள் மகளுக்கு அடைத்தது சிரை, அதாவது வடிகால். மூளைச் சிரை ரத்தக்கட்டு என்று இந்த நோய்க்குப் பெயர். தோட்டத்தில் ஐப்பசி மழையில் பார்த்திருப்பீர்களே, ரோட்டுக்கு அடியில் போகிற குழாயில் சருகும் சேறும் அடைத்துக்கொண்டால் மேலே இருந்து வருகிற தண்ணீர் நிற்காது, வந்துகொண்டேதான் இருக்கும், போக வழியில்லாமல் மேல்பக்கம் தேங்கி, மண் ஊறி, கடைசியில் கல்லுக்கட்டின் இடுக்கில் கசிய ஆரம்பிக்கும். அந்தக் கசிவை நிறுத்த இடுக்கில் சிமெண்ட் பூசுவீர்களா, குழாயைத் திறப்பீர்களா? மூளையிலும் அதேதான். தமனி வழியாக ரத்தம் வந்துகொண்டே இருக்கிறது, சிரையில் வழியில்லை, பின்னால் அழுத்தம் ஏறி மூளை வீங்குகிறது, மெல்லிய குழாய்களிலிருந்து ரத்தம் கசிகிறது. அடைப்பு பெருகாமல் தடுத்தால்தான் கசிவும் நிற்கும். அதனால்தான் ரத்தம் கசிந்திருப்பது ஸ்கேனில் தெரிந்தும் டாக்டர்கள் துணிந்து அந்த ஊசியைப் போட்டார்கள்.

இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் வந்தது இல்லை. டாக்டர்களே பல வருஷம் இதற்குப் பயந்துகொண்டிருந்தார்கள். 1991-இல் ஜெர்மனியில் செய்த ஓர் ஆய்வு வெளிவந்தது. மொத்தமே 20 நோயாளிகள். 10 பேருக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கிற ஹெப்பாரின், 10 பேருக்கு மருந்தே இல்லாத வெறும் திரவம். ஹெப்பாரின் போட்டவர்களில் ஒருவரும் சாகவில்லை, போடாதவர்களில் 3 பேர் இறந்துபோனார்கள். வித்தியாசம் அவ்வளவு பட்டென்று தெரிந்ததால் ஆய்வை அதோடு நிறுத்திவிட்டார்கள். சின்ன ஆய்வுதான், குறை சொல்பவர்களும் உண்டு, ஆனால் அதற்குப் பிறகு கிடைத்த அனுபவமும் அதே பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. ஒரு விஷயம் மட்டும் மனதில் வையுங்கள்: ஊசியோ மாத்திரையோ கட்டியைக் கரைப்பதில்லை. புதிதாக உறையாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இருக்கிற கட்டியை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து வழி பண்ணிக்கொள்ளும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். வீட்டுக்கு வந்துவிட்டாளே, தலைவலி இல்லையே, மாத்திரை எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

சைனஸ் கதைக்கு வருகிறேன். இதைக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது, ஆனால் குற்றம் உங்கள் மேல் இல்லை, பெயர் வைத்தவர்கள் மேல்தான். மூக்குப் பக்கத்து எலும்பில் காற்று நிற்கிற பொந்துக்கும் சைனஸ் என்று பெயர், மூளை உறைக்குள் ரத்தம் ஓடுகிற பெரிய வடிகாலுக்கும் சைனஸ் என்றே பெயர். நெற்றியிலிருந்து உச்சி வழியாகப் பின்மண்டை வரைக்கும் ஒரு பெரிய வடிகால் போகிறது, பின்னால் இரண்டாகப் பிரிந்து காதுக்குப் பின்புறமாக வளைந்து கழுத்துக்கு இறங்குகிறது. உங்கள் ரிப்போர்ட்டில் எழுதியிருப்பது அதை. ஆவி பிடிப்பதால் இதற்கு ஒரு பயனும் இல்லை, வேர்த்து உடம்புத் தண்ணீர் போவதுதான் மிச்சம்.

அப்புறம் அந்த நார்மல் ஸ்கேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மகளுக்கு மூன்று நாள் வீணானது இங்கேதான், இதைப் படிக்கிற வேறு யாருக்காவது அந்த மூன்று நாள் மிஞ்சலாம். மருந்து ஏற்றாமல் எடுக்கிற சாதா சிடி ஸ்கேன், இந்த நோய் வந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் நார்மலாகவே இருக்கும். அது பெரிய ரத்தக் கசிவைக் காட்டும், கட்டியான சிரையைப் பல நேரம் காட்டாது. சிரையைப் பார்க்கவென்றே எடுக்கிற படம் தனி. எம்.ஆர்.ஐ.-யோடு சேர்த்து எம்.ஆர். வீனோகிராம் எடுக்க வேண்டும், அந்த வசதி இல்லாத இடத்தில் மருந்து ஏற்றி சிடி வீனோகிராம் எடுத்தாலும் போதும். டி-டைமர் என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அது நார்மலாக வந்தாலும், தலைவலி மட்டும் இருக்கிற ஆளுக்கு இந்த நோய் இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது.

அனுப்பிவிட்ட டாக்டர் மேல் உங்களுக்குக் கோபம் இருக்கும். எனக்கு அந்தக் கோபத்தைப் பங்குபோட அருகதை இல்லை. நான் நரம்பியல் படிப்பதற்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி பார்த்துக்கொண்டிருந்தபோது, பிரசவமாகி மூன்று வாரம் ஆன ஒரு பெண் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நெசவு வீட்டுப் பெண், 22 வயசு. படுத்தால் வலி அதிகமாகிறது, உட்கார்ந்தால் பரவாயில்லை, காலையில் வாந்தி வருகிறது என்று தெளிவாகவே சொன்னாள். சிடி எடுத்தேன், நார்மல். தூக்கம் இல்லை, அதுதான் என்று நானே ஒரு முடிவுக்கு வந்து பாராசிட்டமாலும் வாந்தி மாத்திரையும் எழுதி அனுப்பினேன். இரண்டு நாளில் வலிப்போடு தூக்கி வந்தார்கள். பிழைத்துக்கொண்டாள், ஆனால் இடது கண் பார்வை பழையபடி திரும்பவில்லை. அன்றைக்கு அவள் கண்ணுக்குள் அரை நிமிடம் விளக்கடித்துப் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

கண்ணுக்குள் என்ன தெரியும் என்கிறீர்களா? ரூமை இருட்டாக்கி, சின்ன விளக்குக் கருவியை நம் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அவர்கள் கண்மணி வழியாக உள்ளே பார்ப்போம். செம்மஞ்சள் நிறத் தரையில் ஒரு வட்டம் தெரியும், மூளையிலிருந்து வருகிற பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழைகிற இடம் அது. ஆரோக்கியமான கண்ணில் அந்த வட்டத்துக்கு ஓரம் சுத்தமாக, வெட்டி எடுத்த மாதிரி இருக்கும். மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் ஓரம் வீங்கிக் கலங்கிவிடும். மார்கழியில் உங்கள் ஊரில் பனி இறங்கும்போது தெருவிளக்கைச் சுற்றி எது விளக்கு எது வெளிச்சம் என்று தெரியாமல் போகுமே, அப்படி. அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில், பிள்ளை பெற்ற பெண் தலைவலி என்று வந்து நான் கண்ணைப் பார்க்காமல் விட்டதில்லை. ஓரம் கலங்கினால் அந்த நிமிடமே வீனோகிராம். ஆனால் வட்டம் சுத்தமாக இருப்பதால் மட்டும் யாரையும் வீட்டுக்கு அனுப்புவதும் இல்லை, ஏனென்றால் ஆரம்ப நாட்களில் அது கலங்காமலும் இருக்கும். உங்கள் மகளுக்கும் கண் டாக்டரிடம் ஒருமுறை காட்டி, பார்வைப் பரப்பையும் சோதித்துக்கொள்ளுங்கள். தலைவலி நின்றாலும் இது வேண்டும்.

இனி தண்ணீர். உங்கள் கடிதத்தில் இதைக் கடைசியில் போட்டிருக்கிறீர்கள், ஆனால் மற்ற கேள்வி எல்லாவற்றையும் விட இதுதான் உங்களைத் தூங்க விடவில்லை என்று நினைக்கிறேன்.

பூசி மெழுக மாட்டேன். தண்ணீர் குறைந்ததற்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம். பிரசவ நேரத்தில் ரத்தம் நிற்காமல் போய்விடக் கூடாதென்று உடம்பே ரத்தத்தைச் சீக்கிரம் உறைகிற பக்குவத்துக்குக் கொண்டுவந்து வைத்திருக்கும். அந்தப் பக்குவம் பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம், லேசாக அதற்கு மேலும் இருக்கும். அந்த நேரத்தில் தண்ணீரும் குறைந்தால் ரத்தம் இன்னும் கெட்டிப்படும். பால் சுரக்கிற உடம்பு வேறு, தண்ணீர் வழக்கத்தைவிட அதிகமாகத்தான் தேவை. தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வது காலங்காலமாக வருகிறது, உங்களுக்கு உங்கள் அம்மா செய்ததை நீங்கள் மகளுக்குச் செய்தீர்கள். ஆனால் அது மட்டுமே காரணம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்வது தப்பு. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்த பெண்களுக்கும் இது வந்து நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன். ரத்தசோகை ஒரு காரணம், பிரசவத்துக்குப் பிறகு வருகிற கிருமித்தொற்று ஒரு காரணம், பி12 குறைவால் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்கிற பொருள் ஏறுவது ஒரு காரணம், பிறவியிலேயே ரத்தம் சீக்கிரம் உறைகிற வாகு சிலருக்கு. இரண்டு மூன்று சேர்ந்துதான் பெரும்பாலும் வரும். ஒருவர் மேல் பழி போட்டு முடித்துவிடுகிற வியாதி இல்லை இது. அதோடு, காரணம் எதுவாக இருந்தாலும் தலைவலி அடங்கவில்லை என்றதும் உங்கள் மகளைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது நீங்கள்தானே, அதையும் அவர்களிடம் சொல்லுங்கள். இன்றிலிருந்து தாகம் எடுக்கிற மட்டும், எடுக்காவிட்டாலும் பால் கொடுக்கிற ஒவ்வொரு முறையும் ஒரு டம்ளர் தண்ணீர். சுடவைத்து ஆறவைத்த தண்ணீரே கொடுங்கள், உங்கள் ஊர்க் குளிருக்கு வெதுவெதுப்பாகக் கொடுத்தாலும் சரி.

டியூப் விட்டு எடுப்பதைப் பற்றி: வேண்டாம். 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோய் கடுமையாக இருந்தவர்களுக்கே இதைச் செய்து பார்த்தும், மருந்து மட்டும் வாங்கியவர்களைவிடப் பெரிய நன்மை எதுவும் தெரியவில்லை. மருந்து கொடுத்தும் மோசமாகிக்கொண்டே போகிறவர்களுக்கு யோசிக்கலாம், மூளை வீங்கி உயிருக்கே ஆபத்து என்றால் மண்டை ஓட்டில் ஒரு பாகத்தை எடுத்து அழுத்தத்தைக் குறைப்போம், அது உயிரைக் காப்பாற்றுகிற ஆபரேஷன். வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடமாடுகிற பெண்ணுக்கு இரண்டுமே தேவையில்லை.

தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். வயிற்றில் போட்ட ஊசியும் சரி, வார்ஃபரினும் சரி, பாலில் பிள்ளையைப் பாதிக்கிற அளவுக்குப் போவதில்லை. வலிப்பு மாத்திரை லெவிடிராசெட்டமாக இருந்தால் அதுவும் பரவாயில்லை, பிள்ளை வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தால் மட்டும் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை: ரத்தப் பரிசோதனைக்கு அலைய வேண்டாம், புதுசாக வந்த மாத்திரைக்கு மாறிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். டபிகாட்ரான், ரிவரோக்ஸபான் மாதிரி அந்த மாத்திரைகள் இந்த நோய்க்கு நல்ல மருந்துதான், ஆனால் பால் கொடுக்கிறவர்களுக்கு வேண்டாம்.

வார்ஃபரின் போடுகிற வீட்டில் கவனிக்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. தினமும் சாயங்காலம் ஒரே நேரத்தில் கொடுங்கள், காலண்டரில் தேதியைக் கிழிக்காமல் அதன்மேல் டிக் அடியுங்கள், என் நோயாளிகளில் அதிகம் தவறாதவர்கள் இப்படிச் செய்பவர்கள்தான். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டுகிற ஐ.என்.ஆர். அளவு 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும், 2-க்குக் கீழே போனால் கட்டி பெருகலாம், 3-க்கு மேலே ஏற ஏற ரத்தம் போகிற ஆபத்து. ஆரம்பத்தில் வாரம் ஒருமுறையாவது பார்ப்பார்கள், நிலைப்பட்ட பிறகு இடைவெளி கூடும். கீரையே கூடாது என்று பயமுறுத்துவார்கள், அப்படி இல்லை. கீரையில் இருக்கிற வைட்டமின் கே இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும், அதனால் ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று ஆடாமல், வாரத்தில் இரண்டு நாள் என்றால் இரண்டு நாள் என்று ஒரே அளவில் வைத்துக்கொண்டால் போதும், மாத்திரையை அதற்கேற்ப டாக்டர் சரிசெய்துகொள்வார். பிரசவ லேகியத்தை நிறுத்தி வையுங்கள், அதில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும். இடுப்பில் ஊசி போட வந்தால் வார்ஃபரின் எடுப்பதைச் சொல்லுங்கள். எந்த ஆண்டிபயாடிக் தொடங்கினாலும் இரண்டு மூன்று நாளில் ஐ.என்.ஆர். பாருங்கள். அக்கா மகன் கடையில் இருக்கிறார் இல்லையா, இந்த வேலையை அவரிடம் ஒப்படையுங்கள், நல்ல உதவியாக இருக்கும்.

எத்தனை நாள்? பிரசவத்தை ஒட்டி வந்தது என்பதால் பெரும்பாலும் 3 முதல் 6 மாதம். ரத்தம் உறைகிற வாகு இருப்பது தெரிந்தால் நீளும். அதைக் கண்டுபிடிக்க பெரிய பேக்கேஜ் டெஸ்ட் இப்போதே எடுக்கச் சொல்லி யாராவது வந்தால் கொஞ்சம் பொறுங்கள், ரத்தம் உறைவதை அடக்கி வைக்கிற புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் இரண்டும் வார்ஃபரின் எடுக்கும்போது தப்பாகக் குறைத்துக் காட்டும், புரோட்டீன் எஸ் பிரசவத்தை ஒட்டியும் அப்படித்தான், காசுக்குக் கேடு. மாத்திரை முடிந்து சில வாரம் கழித்து எடுப்பதுதான் சரி. ஹீமோகுளோபின், பி12 மட்டும் இப்போதே பார்த்துவிடலாம்.

வலிப்பு மாத்திரை தனிக் கணக்கு, அதையும் உங்களாக நிறுத்தாதீர்கள். சில மாதத்துக்கு அடுப்படியில், கிணற்றடியில் அவளைத் தனியாக விடாதீர்கள், பிள்ளைக்குத் தரையில் பாய் போட்டு உட்கார்ந்து பால் கொடுக்கச் சொல்லுங்கள், குளிப்பாட்டும்போது கூட ஒருவர் இருங்கள். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும், அதனால் ராத்திரி அழுகிற பேரனைப் பாலுக்கு மட்டும் அவளிடம் கொடுத்துவிட்டு மற்ற நேரம் நீங்கள் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும். கையில் சாவியும் வேண்டாம், வாயில் தண்ணீரும் வேண்டாம்.

தலைவலி திரும்பக் கூடினால், வாந்தி, பார்வை இரண்டாகத் தெரிவது, கை கால் இழுப்பு, மலம் கறுப்பாகப் போவது, தீட்டு திடீரென்று அதிகமாவது, தலையில் அடிபடுவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108. அங்கிருந்து அடிவாரம் வருவதற்கே 20 கொண்டை ஊசி வளைவு, அந்த நேரத்தையும் சேர்த்துத்தான் நீங்கள் கணக்குப் போட வேண்டும்.

அடுத்த குழந்தை பெறலாம். ஆனால் வார்ஃபரின் எடுக்கிற வரைக்கும் கருத்தரிக்கக் கூடாது, முதல் மூன்று மாதக் கருவை அது பாதிக்கும். நாள் தள்ளிப்போனால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் காப்பர்-டி மாதிரி ஏதாவது வைத்துக்கொள்ளட்டும், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை இந்தப் பெண்ணுக்கு எப்போதுமே ஆகாது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா சமயத்தில் தீட்டைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கிப் போடுவார்களே, அதுவும் கூடாது. அந்த மாத்திரை போட்டு இதே நோயோடு வந்தவர்கள் உண்டு. அடுத்த கர்ப்பம் உண்டானதும் ஆரம்பத்திலேயே பழைய ரிப்போர்ட்டைக் காட்டினால், கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரமும் அதே வயிற்று ஊசியைத் தடுப்பு அளவில் போடுவார்கள், பெரும்பாலும் பிரச்சினை இல்லாமல் முடியும்.

இந்த நோய் வந்தவர்களில் பத்துக்கு ஏழு எட்டுப் பேர் பழையபடி முழுசாகத் தேறுகிறார்கள். பல நாடுகளில் 624 பேரைத் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியிட்ட கணக்கும் இதையேதான் சொல்கிறது. உங்கள் மகள் முதல் மூன்று வாரத்தைத் தாண்டி வீட்டில் இருக்கிறாள் என்பதால் எனக்கு நம்பிக்கை அதிகம்.

அடுத்த ஐ.என்.ஆர்.-க்கு சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே வரலாம். பழைய ஸ்கேன் படங்கள், டிஸ்சார்ஜ் சம்மரி, ஐ.என்.ஆர். அளவு எழுதின நோட்டு மூன்றையும் ஒரே பையில் போட்டு எடுத்து வாருங்கள். ரத்தம் எடுக்கப் போகிறார்கள் என்று அவளை வெறும் வயிற்றோடு முதல் பஸ் ஏற்றாதீர்கள், இந்த டெஸ்டுக்குச் சாப்பிட்டுவிட்டே வரலாம்.